பதினெட்டாவது தவளை

ஹமீதா பேகம் வரைந்த படத்தில் ஒரு பிழை இருந்தது. இருபது வருடங்களாக அந்தப் படத்தைப் பார்த்த எலும்பு டாக்டர்கள், பொறியாளர்கள், அதிகாரிகள் யாருக்கும் அது தெரியவில்லை. கண்டுபிடித்தவள் உச்சிமாகாளி. வால்பாறைக்கு மேலே நீலக்கல் எஸ்டேட்டில் பிறந்தவள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். மலைமீட்புப் படையில் மண்ணுக்குள் இறங்குவது அவள் வேலை.

அது ஒரு தவளையின் எலும்புக்கூட்டுப் படம். எஸ்டேட்காரர்கள் புதையன் என்று சொல்லும் தவளை. வருடம் முழுக்க மண்ணுக்குள்ளேயே கிடக்கும். முதல் மழைக்கு மட்டும் மேலே வந்து, ஓடையில் முட்டையிட்டுவிட்டு, திரும்பவும் மண்ணுக்குள் போய்விடும். கொழுக்கட்டை மாதிரி உருண்ட உடம்பு, குட்டைக் கால்கள். அதற்குத் தாவ வராது. ஆனால் ஈரமண்ணில் பின்பக்கமாக இறங்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை. பின்னங்காலின் உள்ஓரத்தில் மண்வெட்டி போல ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். முதுகெலும்பு முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் இறக்கை போல அகன்ற எலும்பு. அதன்மேல் இடுப்பெலும்பு முன்னும் பின்னும் வழுக்கி ஓடும். மேசை டிராயரை இழுத்துத் தள்ளுவது போல என்று ஹமீதா தன் மாணவர்களுக்குச் சொல்வார். கால் மண்ணைச் சீவும், இடுப்பு பின்னால் தள்ளும், உடம்பு உள்ளே போகும். தோண்டிய மண்ணை அது வெளியே கொட்டுவதில்லை. பக்கவாட்டில் அமுக்கி ஒதுக்கிவிடும். மேலே நிற்பவருக்குக் கீழே ஒன்று போவதே தெரியாது.

அந்தக் கடைசி விஷயம்தான் மனிதர்களுக்குத் தேவைப்பட்டது. வருடத்துக்கு ஒன்று என்றிருந்த மலைச்சரிவு மாதத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்ட காலம் அது. சரிந்த மண்ணில் இயந்திரத்தை இறக்கினால் அந்த அதிர்விலேயே மிச்ச மலையும் வந்து விழுந்தது. கையால் தோண்டினால் உள்ளே இருப்பவர் தாங்கும் நேரம் கடந்துவிட்டது. மனிதரையே புதையன் போல இறக்கிப் பார்ப்பது என்று கடைசியில் முடிவானது. தவளையின் உயிரணுக்களிலிருந்து ஆய்வகத்தில் எலும்பு வளர்த்து, உள்ளங்கால் ஓரத்திலும், முதுகும் இடுப்பும் சேரும் இடத்திலும் பொருத்தினார்கள். ஆறு மாதம் படுக்கை, ஆறு மாதம் பயிற்சி. அதற்குப் பிறகு அந்த ஆள், காற்றுக்குழாயைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, கால் முதலாகச் சேற்றுக்குள் மணிக்கு ஐந்து மீட்டர் போக முடிந்தது. சின்ன உடம்பாக இருந்தால்தான் சரிப்படும் என்பதால் படையில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். முப்பத்தெட்டுப் பெண்கள்.

உச்சிமாகாளி நாலடி எட்டங்குலம். பள்ளிக்கூட வரிசையில் எப்போதும் முதலில் நின்றவள். குட்டை என்று அவளுக்கு வந்த வரனெல்லாம் தட்டிப்போனது ஒரு காலம். படையில் சேர்ந்த ஆறு வருடத்தில் பதினான்கு பேரை மண்ணுக்குள் போய் உயிரோடு தொட்டிருந்தாள். எலும்பு வைத்த பிறகு அவள் நடை கொஞ்சம் அசைந்து அசைந்துதான் இருக்கும். எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டுப் பிள்ளைகள் அதேபோல நடந்து காட்டும்போது, இடுப்பை இன்னும் நன்றாக ஆட்டு என்று சொல்லிக்கொடுப்பாள். தன் உடம்பைப் பற்றி அவளுக்கு இருந்த கர்வத்தை யாராலும் குறைக்க முடியவில்லை.

படையில் இரண்டு விதிகள் இருந்தன. இறங்குகிறவர் பளு தூக்கக் கூடாது. புதைந்தவரிடம் போய்ச் சேர்ந்து, காற்றும் தண்ணீரும் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும். மேலே இருப்பவர்கள் மெதுவாகத் திறந்து வந்து இருவரையும் எடுப்பார்கள். இரண்டாவது விதி, பெண்கள் கர்ப்பமாகக் கூடாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வழுக்கி ஓடும் அந்த மூட்டு எடை தாங்காது, பிரிந்துவிடும் என்று ஹமீதா பேகம் எழுதிக் கொடுத்திருந்தார். புதையனின் எலும்பைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் யாருமில்லை.

முப்பத்திரண்டாவது வயதில் உச்சிமாகாளி கர்ப்பமானாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். கணவன் கருத்தப்பாண்டி எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். பிள்ளை இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டு வெகுநாளாகியிருந்தது. தெரிந்த அன்றே அவள் படைத்தலைவர் துரைசிங்கத்திடம் போய்ச் சொல்லிவிட்டாள். மறைப்பது அவள் குணமில்லை.

துரைசிங்கம் தீயணைப்புத் துறையில் முப்பது வருடம் இருந்து வந்தவர், நல்ல மனிதர். சொல்வதற்கு அவருக்கே கஷ்டமாக இருந்தது. இரண்டு வழிதான் உண்டு என்றார். ஒன்று, கர்ப்பத்தைக் கலைத்துவிட்டு வேலையைத் தொடர்வது. இல்லையென்றால், வயிறு பெரிதாகும் முன்பே மூட்டில் உலோகத் தகடு வைத்து இறுக்கிவிடுவது. பிள்ளை பிறக்கும், ஆனால் அதற்குப் பிறகு கம்பு ஊன்றித்தான் நடக்க முடியும், மண்ணில் இறங்கவே முடியாது. யோசிக்க மூன்று வாரம் கொடுத்தார்.

இதே கேள்வி இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஜெபமாலைக்கு வந்தது. கோத்தகிரிப் பக்கத்துப் பெண், உச்சிமாகாளிக்கு அடுத்த அறையில் இருந்தவள். அவள் முதல் வழியைத் தேர்ந்தாள். நான்காவது வாரம் வேலைக்கு வந்து நின்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த மழைக்காலத்தில் மட்டும் ஐந்து பேரிடம் போய்ச் சேர்ந்தாள்.

மூட்டு பிரிந்துவிடும் என்று யார் சொன்னது என்று உச்சிமாகாளி கேட்டாள். துரைசிங்கம் கோப்பைத் திறந்து காட்டினார். படமும், அதன் கீழே கையெழுத்தும் இருந்தன. அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள். மறுநாள் காலையில் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறினாள்.

ஹமீதா பேகத்துக்கு அறுபது வயது நெருங்கியிருந்தது. எலும்புகளைச் சேர்த்துவைத்து அவர் வேலை பார்த்த எலும்புக்கூடத்தில் உயரமான மர அலமாரிகள், ஒவ்வொன்றிலும் ஆழமில்லாத டிராயர்கள், டிராயர்களில் பஞ்சின்மேல் படுத்திருக்கும் எலும்புகள். அசைந்து நடந்து வந்த பெண்ணைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. தன் படத்தைக் கொண்டு செய்த உடம்பு ஒன்று எதிரே வந்து நிற்பது அவருக்கு அதுதான் முதல் முறை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். உச்சிமாகாளி டீயைத் தொடவில்லை.

"மேடம், புதையன்ல பொம்பளத் தவளயும் மண்ணுக்குள்ளதான இருக்கு?"

"ஆமாம்மா."

"அது வயித்துல முட்டைய வச்சுகிட்டே மண்ண விட்டு மேல வருது. ஓடைக்குப் போறப்ப ஆம்பளைய முதுகுல சொமந்துட்டுப் போகுது. அப்ப மட்டும் இடுப்பு கழண்டு போகலையா?"

தவளை வேறு, மனிதர் வேறு என்று ஹமீதா பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். தவளையின் முட்டைகள் எடை குறைந்தவை என்றார். அவள் குறுக்கிட்டாள்.

"எடை கம்மியில்ல மேடம். போன வருசம் சரிவுக்குள்ள இறங்கறப்ப என் கால்கிட்ட ஒண்ணு இருந்திச்சு. தலை லைட்டு வெளிச்சத்துல பாத்தேன். உடம்புல பாதி முட்டைதான். அத்தனையும் வச்சுகிட்டு எனக்கு முன்னாடி அது இறங்குது, நான் பின்னாடி போறேன். உங்க படத்துல இருக்கற இடுப்பு அதுக்கு இல்ல. அகலமா, கட்டிப்போட்ட மாதிரி இருந்திச்சு."

ஹமீதா எழுந்து போய் ஒரு டிராயரை இழுத்தார். பிறகு அடுத்ததை. அவரிடம் பதினேழு புதையன்கள் இருந்தன. முதல் மழை விழுந்ததும் ஆண் தவளை மண்ணுக்கு ஒரு சாண் கீழே உட்கார்ந்து கத்தும். பிடிக்கப் போகிறவர்கள் அந்தச் சத்தம் வரும் இடத்தைத் தோண்டுவார்கள். பெண் தவளை கத்துவதில்லை. வருடத்தில் சில மணி நேரம் மேலே வந்துவிட்டு மறைந்துவிடும். பதினேழும் ஆண். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. இருபது வருடங்களுக்கு முன் தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியிருந்தார். அதைத் தேடி எடுத்து, எழுத்தின்மேல் விரல் வைத்து வாசித்தார். "பெண் கிடைக்கவில்லை. பெரிய வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை."

அந்த ஒரு வரியின்மேல் முப்பத்தெட்டுப் பெண்களின் வாழ்க்கை நின்றுகொண்டிருந்தது. அவர் டிராயரை மூடவில்லை. எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். இருபது நாள் என்றாள் உச்சிமாகாளி.

ஜூன் முதல் வாரத்தில் மழை பிடித்தது. ஹமீதா விடுப்புப் போட்டுவிட்டு, சூட்கேஸ் அளவிலான ஒலியலைக் கருவியோடு நீலக்கல் வந்து சேர்ந்தார். உடம்பைக் கீறாமல், உயிரோடு இருக்கும்போதே உள்ளே இருக்கும் எலும்பையும் தசையையும் திரையில் காட்டும் கருவி அது. கருத்தப்பாண்டி ஜீப்பில் இருவரையும் ஓடைக்கரைக்குக் கொண்டுபோனான். மூன்று நாள் தேடியும் ஆண் தவளைகளின் சத்தம் மட்டும்தான் கேட்டது. பெண் தவளை மேலே வந்த தடம்கூட இல்லை.

நான்காம் நாள் காலை, தானே இறங்கித் தேடுவதாக உச்சிமாகாளி சொன்னாள். ஹமீதா பயந்துபோனார். வேண்டாம், ஏதாவது ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது என்றார். கர்ப்பம் தெரியாமலேயே இரண்டு தடவை சரிவில் இறங்கியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று உச்சிமாகாளி பதில் சொன்னாள். ஹமீதா கருத்தப்பாண்டியின் முகத்தைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, அவ மண்ணுக்குள்ள இருக்கறப்பதான் நான் பயப்படறதில்ல மேடம் என்றான்.

ஓடையிலிருந்து இருபதடி தள்ளி, மண் மிருதுவாக இருந்த இடத்தில் அவள் செருப்பைக் கழற்றினாள். முதலில் பாதம் மறைந்தது. பிறகு முழங்கால், இடுப்பு. மண் அவளைச் சுற்றி ஏறிக்கொண்டே வந்தது; பக்கத்தில் ஒரு கைப்பிடி மண்கூடக் குவியவில்லை. தான் வரைந்த படம் தன் கண்ணெதிரே உயிரோடு வேலை செய்வதை ஹமீதா குடைக்குள் நின்று பார்த்தார். பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. தலையும் மறைந்த பிறகு காற்றுக்குழாய் மட்டும் மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.

புதையன் போன வழியில் மண் இறுகிக் கிடக்கும். அதை உள்ளங்காலில் உணர முடியும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து மேலே வந்தபோது, இரண்டு கையையும் குவித்து எதையோ ஏந்தியிருந்தாள். கத்தரிப்பூ நிறத்தில், உள்ளங்கை கொள்ளாத அளவு. வயிற்றுத் தோலுக்கு உள்ளே கடுகு கடுகாக முட்டைகள் தெரிந்தன. முப்பது வருடம் இந்தத் தவளையைப் படித்த ஹமீதா ஒரு பெண் புதையனை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.  பிறகு ஈரத்துணியில் அதை வைத்து, கருவியை அதன் முதுகின்மேல் மெல்ல ஓட்டினார்.

திரையில் அந்த மூட்டு வந்தது. இறக்கை எலும்பு ஆணுக்கு இருப்பதைவிடக் கால்வாசி அதிக அகலம். அதையும் இடுப்பெலும்பையும் சேர்த்து, இரண்டு பக்கமும் குறுக்காக ஒரு நார்ப்பட்டை ஓடியது. தவளை மூச்சு விட்டு வயிறு கீழே அழுந்தும்போதெல்லாம் அந்தப் பட்டை இறுகியது. எடை கூடக்கூட மூட்டு பிரிவதற்குப் பதிலாகக் கெட்டிப்பட்டது. பத்து நிமிடத்தில் படம் எடுத்து முடித்து, எடுத்த இடத்திலேயே விட்டார்கள். அது திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாக மண்ணுக்குள் இறங்கிப் போனது.

"உங்களையும் ஒரு தடவை பார்க்கட்டுமாம்மா?" என்று ஹமீதா கேட்டார்.

உச்சிமாகாளி ஜீப்பின் பின் இருக்கையில் ஒருக்களித்துப் படுத்தாள். கருத்தப்பாண்டி மழைச்சாரல் படாமல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டான். கருவி இடுப்புக்கு வந்ததும் ஹமீதாவின் கை நின்றது. அவள் மூட்டின் இரண்டு பக்கமும், தையல் நூல் அளவுக்கு மெல்லிசாக, ஒரு பட்டை வளர்ந்திருந்தது. ஆறு மாதத்துக்கு முன் படையில் எடுத்த படத்தில் அது இல்லை.

"இது நாங்க வச்சது இல்ல," என்றார் ஹமீதா. "வச்ச எலும்பு தவளையோட உயிரணுவிலிருந்து வளர்த்தது. அது வெறும் எலும்புன்னு நெனச்சுட்டோம். அதுக்குள்ள இந்தப் பழக்கமும் சேர்ந்தே வந்திருக்கு. உங்க உடம்புல கர்ப்பத்துக்கான ஹார்மோன் சுரப்பு வந்ததும், பெண் தவளைக்கு என்ன செய்யுமோ அதையே உங்களுக்கும் செஞ்சிருக்கு. ஆம்பளைங்க உடம்புல இது வெளிய வந்தே இருக்காது. பொம்பளைங்க யாரையும் நாங்க இதுவரைக்கும் கர்ப்பமா இருக்கவே விடல."

உச்சிமாகாளி எழுந்து உட்கார்ந்து உடையைச் சரிசெய்தாள். ஜெபமாலைக்கும் இப்படி வளர்ந்திருக்குமா என்று கேட்டாள். ஹமீதா கருவியை அணைத்துவிட்டு, வளர்ந்திருக்கும் என்றார்.

அதை ஜெபமாலையிடம் யார் சொல்வது என்ற பேச்சே எழவில்லை. மறுநாள் ஹமீதா தனியாகப் படைக் குடியிருப்புக்குப் போனார். ஜெபமாலை வாசலில் உட்கார்ந்து காற்றுக்குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஹமீதா அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, எதையும் மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னார். தான் எழுதிய வரியையும் சொன்னார். உன் மூட்டு தாங்கியிருக்கும், நான் எழுதிக் கொடுத்தது தவறு என்றார்.

ஜெபமாலை குழாயைக் கழுவுவதை நிறுத்தவில்லை.

"எத்தன தவள பாத்தீங்க?"

"பதினேழு."

"ஒண்ணுகூடப் பொம்பள இல்லையா?"

"இல்லம்மா."

அவள் குழாயை உதறிக் கொடியில் போட்டாள். தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஹமீதா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி வேண்டாம் என்றாள்.

"உச்சியக்காவுக்குத் தப்பாகிடக் கூடாது. இன்னொரு தடவ நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் அவள் வேலைக்கு வரவில்லை. அந்த மூன்று நாளும் உச்சிமாகாளிதான் அவள் அறையில் இருந்தாள். என்ன பேசினார்கள் என்பது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஹமீதா ஜெபமாலை சொன்னபடி செய்தார். இன்னும் நான்கு பெண் தவளைகளைப் பார்த்தார். உச்சிமாகாளியை மூன்று முறை பார்த்தார். பிறகு படையை நடத்தும் குழுவின் முன் போய் நின்று, தன் பழைய அறிக்கையைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். குழுவில் ஒருவர், இத்தனை வருடம் தவறாகச் சொன்னவரை இப்போது மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான், என்னை நம்ப வேண்டாம், படத்தைப் பாருங்கள் என்று ஹமீதா சொன்னார். பட்டை இறுகும் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும், பட்டை மெலிந்தால் உடனே தகடு வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு குழு சம்மதித்தது.

பட்டை மெலியவில்லை. நூலாக இருந்தது கயிறானது. ஏழாம் மாதத்தில் உச்சிமாகாளியின் நடையில் அந்த அசைவே போய்விட்டது. லயன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் ஏமாற்றம். இடுப்பு அவ்வளவு இறுகிவிட்டதால் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் அறுவை செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். பெண். இரண்டு கிலோ எண்ணூறு கிராம். கருத்தப்பாண்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வார்டில் இருந்த எல்லாருக்கும் காட்டினான். முன்பின் தெரியாதவர்களுக்கும் காட்டினான்.

அடுத்த ஆகஸ்டில் அவள் வேலைக்குத் திரும்பினாள். பிரசவத்துக்குப் பிறகு பட்டை பாதியாக இளகி, மூட்டு மறுபடி வழுக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் முழுதாகப் போய்விடவில்லை. அதன் அர்த்தம் என்ன என்பது முதல் சரிவிலேயே தெரிந்தது. மலைச்சாலையில் வனக்காவலர் ஒருவர் நான்கு மீட்டர் ஆழத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். உச்சிமாகாளி போய்ச் சேர்ந்து காற்று கொடுத்தாள். மேலே திறக்க ஆறு மணி நேரமாகும். அதற்குள் மேல்சரிவில் வெடிப்பு விட்டது. எல்லாரும் விலகச் சொல்லி, அவளையும் மேலே வரச் சொல்லி, துரைசிங்கம் பேசுகருவியில் கத்தினார். அவளோ காவலரைத் தன் முதுகில் வாரால் கட்டிக்கொண்டாள். அறுபத்தெட்டுக் கிலோ. மண்ணை ஒதுக்கி ஒதுக்கி, ஒரு மணி நேரத்தில், பக்கவாட்டில் இருந்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவள் வெளியே வந்தாள். அவள் வந்த கால்மணி நேரத்தில் அந்த இடம் முழுதும் சரிந்து மூடிக்கொண்டது.

காவலரை இறக்கி வைத்துவிட்டு அவள் நிமிர்ந்து நின்று இடுப்பில் கை வைத்தாள். மண்ணுக்குள் போய் ஓர் ஆளை முதுகில் தூக்கி வருவது அதுவரை யாரும் செய்யாதது. செய்தி கேட்டபோது ஹமீதா, ஓடைக்கு ஆணைச் சுமந்து போகும் பெண் புதையனை நினைத்து, எலும்புக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. துரைசிங்கம் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, சந்தோஷமாக அதை வாசித்தார். இனி படையில் சுமப்பவர் என்று ஒரு தனி அணி இருக்கும். அதற்கு உச்சிமாகாளியின் பெயரே வைக்கப்படும். பிள்ளை பெற்றவர்கள் மட்டுமே அதில் சேரலாம். இனி சேரும் பெண்கள் பயிற்சி முடிந்த மூன்று வருடத்துக்குள் ஒரு பிள்ளை பெற்றிருப்பது விரும்பத்தக்கது. அதற்கு வேண்டிய விடுப்பும் மருத்துவ வசதியும் தரப்படும்.

தன் பெயரைக் கேட்டதும் உச்சிமாகாளிக்கு உடம்பு சிலிர்த்தது. பள்ளிக்கூடத்து வரிசையில் முன்னால் நின்ற குட்டைப் பெண்ணின் பெயர் ஓர் அணிக்கு. ஒரு நிமிடம் அந்தப் பெருமையில் அவள் வேறெதையும் கேட்கவில்லை. பிறகு கூடத்தைப் பார்த்தாள். எல்லாரும் அவளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெபமாலையும் தட்டினாள். அவள் கை மட்டும் சத்தம் எழுப்பவில்லை.

உச்சிமாகாளி எழுந்து நின்றாள். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள்.

"சார், முன்னாடி பெறக்கூடாதுன்னீங்க. இப்பப் பெத்துட்டு வாங்கங்கறீங்க. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். எம்பேரு இதுல வேணாம்."

துரைசிங்கத்துக்கு முகம் சுருங்கியது. இது மரியாதைதானே, இதில் என்ன தவறு என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். இத்தனை உயிரைத் தூக்கி வர முடியும் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா என்றார். அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் கோபப்படாமல், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஹமீதாவின் பக்கம் திரும்பினாள். பட்டையை வளர்த்தது பிள்ளையா, சுரப்பா என்று கேட்டாள்.

சுரப்புதான் என்றார் ஹமீதா. அதை மருந்தாகக் கொடுத்தும் பட்டையை வளர்க்க முடியும் என்று தான் நினைப்பதாகச் சொன்னார். ஆறு மாதம் வேண்டும், இந்தத் தடவை அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னார்.

"அப்ப ஆறு மாசம் பொறுங்க சார்," என்றாள் உச்சிமாகாளி. "அதுவரைக்கும் தூக்கற வேலைய நான் பாக்கறேன்."

ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் எழுந்து நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் சும்மா நின்றார்கள். துரைசிங்கம் கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்துவிட்டு, சுற்றறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேலிடத்தோடு தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். பேசினார்.

ஆறு மாதம் என்றது ஒன்பது மாதம் ஆனது. ஹமீதா ஒவ்வொரு படியையும் இரண்டு முறை பார்த்தார். மருந்தை முதலில் யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது ஜெபமாலை தன் கையை நீட்டினாள். ஹமீதா ஊசியை நர்ஸிடம் கொடுக்கப் போனார். நீங்களே போடுங்க, வேற யாரும் வேணாம் என்று அவள் சொன்னாள். நாற்பதாம் நாள் திரையில் நூல் போல ஒரு பட்டை தெரிந்தது. அதை ஜெபமாலை தன் விரலால் திரையில் தொட்டுப் பார்த்தாள்.

அந்த ஐப்பசியில் தேவமலையில் தோண்டிக்கொண்டிருந்த சாலைச் சுரங்கம் இடிந்தது. வடக்கிலிருந்து வேலைக்கு வந்த நான்கு பேர் உள்ளே. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே போகக்கூடிய இடுக்கு. ஜெபமாலை இறங்கினாள், மேலே உச்சிமாகாளி காற்றுக்குழாயைக் கைக்குக் கை மாற்றி விட்டுக்கொண்டிருந்தாள். காலை பத்து மணிக்கு ஜெபமாலை முதல் ஆளைச் சுமந்து வந்தாள். பதினொன்றரைக்கு இரண்டாவது. மூன்றாவது ஆளை இறக்கி வைத்தபோது மதியம் ஒன்று. அவள் இமையிலும் பல்லிலும் சேறு. சுற்றிலும் கேமராக்கள் வந்து சேர்ந்திருந்தன. ஒரு தொலைக்காட்சிப் பெண் மைக்கை நீட்டி, உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டாள். தாய்மார்கள்தான் சுமப்பார்கள் என்று எங்கோ படித்துவிட்டு வந்திருந்தாள்.

உச்சிமாகாளியின் கை குழாயிலேயே நின்றுவிட்டது.

ஜெபமாலை தண்ணீர் வாங்கிக் குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள இன்னும் ஒருத்தர் இருக்காரு," என்றாள். "தள்ளி நில்லுங்க."

கால் முதலாக இடுக்குக்குள் நுழைந்தாள். இடுப்பு, தோள், பிறகு தலையும் மறைந்தது. குழாய் உச்சிமாகாளியின் கைகளிலிருந்து சீராக உள்ளே போக ஆரம்பித்தது. அந்தப் பெண் மைக்கைத் திருப்பி, அவங்க பேரு என்ன என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஜெபமாலை," என்றாள் உச்சிமாகாளி. எழுத்துக் கூட்டி இன்னொரு தடவை சொன்னாள். சரியாக எழுதுகிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள்.